ரவுண்டானாவில் யாருக்கு முதல் வழி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா கட்டினால் விபத்து குறையும் என்கிறார்கள். சிவப்பு விளக்கு எரியும்போதே நிற்காதவர்கள், விளக்கே இல்லாவிட்டால் எப்படி நிற்பார்கள்?

பதில்: நிற்கவே வேண்டாம், மெதுவாக வந்தால் போதும். விஷயமே அதுதான். சிக்னல் என்ன செய்கிறது என்று பாருங்கள். பச்சை எரிந்தால் 'வழி உனக்குத்தான்' என்று உறுதி கொடுக்கிறது. அதை நம்பி ஒருவர் அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் துளியும் குறைக்காமல் உள்ளே வருகிறார், குறுக்குச் சாலையில் இன்னொருவர் மஞ்சளைப் பார்த்ததும் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார், இரண்டு பேரில் ஒருவருக்குக் கணக்குத் தப்பினாலும் இடி விழுவது வண்டியின் பக்கவாட்டில். முன்பக்கம் என்றால் பம்பர், இன்ஜின் என்று நசுங்குவதற்குக் கொஞ்சம் இடம் உண்டு. கதவுக்கும் விலா எலும்புக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

ரவுண்டானாவில் எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவதால் நேருக்கு நேர் மோதுவதும் செங்குத்தாக வந்து இடிப்பதும் கிட்டத்தட்ட இல்லாமல் போகின்றன. இதற்குப் பொறியாளர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு சாலைகள் சேரும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று இடிபடக்கூடிய புள்ளிகள் 32. அதில் 16 குறுக்கே வெட்டுபவை, உயிரை வாங்குவது பெரும்பாலும் அவைதான். ஒற்றை லேன் ரவுண்டானாவில் மொத்தமே 8 புள்ளிகள்: சேர்வதற்கு நான்கு, பிரிவதற்கு நான்கு. குறுக்கே வெட்டும் புள்ளி ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது காரணம் வேகம். வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால்பங்காகிவிடும், பள்ளியில் படித்த இயற்பியல்தான். அமெரிக்காவில் காப்பீட்டுத் துறையினர் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வாக்கில், ரவுண்டானாவாக மாற்றப்பட்ட ஏறக்குறைய இரண்டு டஜன் சந்திப்புகளை எடுத்து முன்னே, பின்னே ஒப்பிட்டுப் பார்த்தது. மொத்த விபத்துகள் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தன, காயம் ஏற்படுத்தும் விபத்துகள் சுமார் 75 சதவீதம், உயிரிழப்பும் ஊனமும் உண்டாக்கும் விபத்துகள் 90 சதவீதம் வரை. கடைசி எண்ணை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ளுங்கள், சில சந்திப்புகளை மட்டும் பார்க்கும்போது மரணங்களின் எண்ணிக்கை சிறியது, சிறிய எண்ணிக்கையில் சதவீதம் துள்ளும். ஆனால் மூன்று எண்களும் ஏறிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். ரவுண்டானா எல்லா விபத்தையும் ஒரே மாதிரி குறைப்பதில்லை, கொடியதை அதிகம் குறைக்கிறது. லேசான உரசல்கள் இருக்கத்தான் செய்யும்.

சரி, சொல்பேச்சு கேட்காதவர் வந்தால்? சிக்னலில் அவரைத் தடுப்பது ஒரு விளக்கு. இங்கே தடுப்பது கான்கிரீட் விளிம்பு. அதனோடு யாரும் வாதாடுவதில்லை.

கேள்வி: நான் தினமும் கடக்கும் ரவுண்டானா ஒரு மைதானம் அளவுக்குப் பெரியது. காலையிலும் மாலையிலும் வண்டிகள் உள்ளேயே இறுகி நின்றுவிடுகின்றன, நெரிசல் இல்லாத நேரத்தில் பறக்கின்றன. நீங்கள் புகழ்வது இதைத்தானா?

பதில்: இதை இல்லை. வட்டமாக இருப்பதெல்லாம் நவீன ரவுண்டானா ஆகிவிடாது. நீங்கள் சொல்வது பழைய வகை. நியூயார்க்கில் கொலம்பஸ் சர்க்கிள் 1905-இல் வந்தது, பாரிஸில் ஆர்க் டி ட்ரையம்ப் வளைவைச் சுற்றி ஒருவழிச் சுற்று 1907-இல் வந்தது, பிறகு உலகம் முழுக்க இப்படிப் பெரிய வட்டங்கள் கட்டினார்கள். பல இடங்களில் உள்ளே நுழைபவருக்கே முன்னுரிமை, அல்லது தெளிவான விதியே கிடையாது. கூட்டம் கொஞ்சம் கூடினால் என்ன ஆகும்? புதிதாக வருபவர்கள் நுழைந்துகொண்டே இருப்பார்கள், உள்ளே இருப்பவர் வெளியேறும் வாய்க்கு வந்து சேர முடியாது, வட்டம் பூட்டிக்கொள்ளும். பேருந்தில் இறங்குபவருக்கு வழிவிடாமல் ஏறுபவர்கள் படிக்கட்டை அடைத்துக்கொண்டால் யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது அல்லவா, அதேதான்.

இதற்கு மருந்தாக அன்றைய பொறியாளர்கள் வட்டத்தை இன்னும் பெரிதாக்கினார்கள். அடுத்தடுத்த இரண்டு சாலைகளுக்கு நடுவே வண்டிகள் பின்னிப் பிரிய நீளம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். பெரிதாக்கினால் வேகம் கூடியது, வேகம் கூடியதால் இடைவெளி பார்த்து நுழைவது கஷ்டமானது, மறுபடி பூட்டு. கடைசியில் 1966-இல் பிரிட்டன் ஒரே ஒரு விதியைக் கட்டாயமாக்கியது: நுழைபவர், ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும். இவ்வளவுதான் மாற்றம். ஆனால் இதோடு எல்லாமே தலைகீழானது. உள்ளே இருப்பவர் தடையில்லாமல் வெளியேறுவதால் வட்டம் பூட்டிக்கொள்வதில்லை, பின்னிப் பிரிய நீண்ட இடம் தேவையில்லை, ஆகவே வட்டத்தைச் சின்னதாக்கலாம், சின்னதாக்கினால் வேகம் தானாகக் குறையும். பிரான்ஸ் 1980-களில்தான் இந்த விதிக்கு வந்தது, வந்த பிறகு ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளியது. 12 அவென்யூக்கள் வந்து சேரும் ஆர்க் டி ட்ரையம்ப் மட்டும் இன்றுவரை பழைய விதியில்தான் ஓடுகிறது, உள்ளே சுற்றுபவர் நின்று நுழைபவருக்கு வழிவிட வேண்டும். வேடிக்கை பார்க்க நல்ல இடம், ஓட்ட அல்ல.

விதி பாதி, வடிவம் பாதி. நுழையும் சாலை வட்டத்தின் நடுத்திட்டைப் பார்த்து வந்து, வாயில் வளைந்து, வண்டியைக் கட்டாயமாகத் திருப்ப வேண்டும். பிரிட்டிஷ் வடிவமைப்பு நெறிமுறையில் ஒரு வரம்பு இருந்தது: நுழைவில் வண்டி போகும் பாதையின் வளைவு ஆரம் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் பெயரளவுக்குத்தான் வளைவு, ஓட்டுநர் ஸ்டியரிங்கை லேசாக ஆட்டிவிட்டு நேராகப் போய்விடுவார். ஒற்றை லேன் நவீன ரவுண்டானாவின் வெளிவிட்டம் அமெரிக்க வழிகாட்டியின்படி தோராயமாக 27 முதல் 55 மீட்டர். உங்கள் மைதானத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.

கேள்வி: சுருக்கமாகச் சொல்லுங்கள், யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

பதில்: வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவருக்கு. இடதுபுறமாக ஓட்டும் நாடு என்றால் வலப்பக்கமிருந்து வருபவரைப் பாருங்கள், வலதுபுறமாக ஓட்டும் நாடு என்றால் இடப்பக்கம். ஹாரன் அடித்தவருக்கும் பெரிய வண்டிக்கும் பொதுவாகத் தனிச் சலுகை எதுவும் விதியில் இல்லை.

கேள்வி: இண்டிகேட்டர் எப்போது போட வேண்டும்? சிலர் நுழையும்போதே போடுகிறார்கள், சிலர் போடுவதே இல்லை.

பதில்: நாட்டுக்கு நாடு விதி கொஞ்சம் மாறும், ஆனால் வெளியேறும்போது போடுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நீங்கள் வெளியேற வேண்டிய சாலைக்கு முந்தைய சாலையைத் தாண்டியதும் போடுங்கள். அடுத்த வாயில் காத்திருப்பவருக்கு, நீங்கள் தன்னைக் கடந்து போகப்போகிறீர்களா, அதற்கு முன்பே பிரியப்போகிறீர்களா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. நீங்கள் போடாவிட்டால் அவர் வீணாக நிற்பார், அவர் பின்னால் பத்து வண்டி நிற்கும். ரவுண்டானா மந்தமாக இருக்கிறது என்று குறை சொல்லும் பல இடங்களில் உண்மையான கோளாறு இந்த ஒரு விளக்கு எரியாததுதான் என்பது என் எண்ணம்.

கேள்வி: இரண்டு லேன் ரவுண்டானாவில் இரண்டு முறை உரசிக்கொண்டேன், இரண்டு முறையும் வெளியேறும்போது. தவறு யாருடையது?

பதில்: நீங்கள் எந்த லேனில் இருந்தீர்கள் என்று எழுதவில்லையே! பொதுவாக நடப்பது இது: வெளி லேனில் இருப்பவர் வெளியேறாமல் சுற்றிக்கொண்டே போகிறார், உள் லேனில் இருப்பவர் அவரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியேறுகிறார், இருவரும் தங்கள் பக்கமே நியாயம் என்று நினைக்கிறார்கள். ஒற்றை லேனில் ஒழித்துக்கட்டிய வெட்டும் புள்ளி, லேன் இரண்டானதும் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. அதனால்தான் பாதுகாப்பு விஷயத்தில் ஒற்றை லேனுக்கு இருக்கும் நல்ல பெயர் இரண்டு லேனுக்கு இல்லை. தேவையில்லாத இடத்தில் 'எதிர்காலத்துக்கு ஆகும்' என்று இரண்டு லேன் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். முதலில் ஒன்று கட்டி, வெளிப்பக்கம் விரிவாக்க இடம் ஒதுக்கி வைக்கலாம்.

நெதர்லாந்தில் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டுபிடித்தார்கள். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 1990-களில் வடிவமைத்த டர்போ ரவுண்டானா. அதில் லேன்கள் முழு வட்டமாக இருக்காது, சுருளாக வெளியே விரிந்துகொண்டே போகும், நடுவில் சிறிய உயர்ந்த விளிம்பு வைத்துப் பிரித்திருப்பார்கள். எந்தச் சாலைக்குப் போக வேண்டும் என்பதை நுழைவதற்கு முன்பே முடிவு செய்து அதற்கான லேனைப் பிடிக்க வேண்டும், பிடித்துவிட்டால் அந்த லேனே உங்களைக் கொண்டுபோய் வெளியே விட்டுவிடும். உள்ளே லேன் மாறுவது என்ற பேச்சே இல்லை.

சாதாரண இரண்டு லேன் ரவுண்டானாவிலும் பாடம் அதேதான்: பலகையையும் தரையில் இருக்கும் அம்புக்குறியையும் பார்த்து, நுழையும் முன்பே லேனைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே வந்தபின் மனம் மாறினாலும் லேனை மாற்றாதீர்கள், அந்த லேன் கொண்டுபோய் விடும் சாலையில் வெளியேறித் திரும்பி வாருங்கள்.

கேள்வி: புதிதாகக் கார் ஓட்டப் பழகுகிறேன், வயது 58. ரவுண்டானாவுக்குள் போய்விட்டால் வெளியே வர முடியாமல் சுற்றிக்கொண்டே இருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சுற்றுங்கள் அம்மா, ஒன்றும் குறைந்துவிடாது. சிக்னலில் தவறான லேனில் மாட்டினால் அடுத்த சந்திப்பு வரை போய்த் திரும்ப வேண்டும், இங்கே இன்னொரு சுற்று, அவ்வளவுதான். செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: குழப்பத்தில் வட்டத்துக்குள் சட்டென்று நிறுத்திவிடுவது. பழகும் வரை கூட்டமில்லாத நேரத்தில் ஒற்றை லேன் ரவுண்டானாவில் போய்வாருங்கள். அப்புறம் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: எதிரே வரும் வாகனத்தின் வேகத்தைக் கணித்து அதன் குறுக்கே திரும்புவது வயது ஏற ஏறக் கடினமாகும் வேலை. ரவுண்டானாவில் அந்த வேலையே இல்லை, ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும்.

கேள்வி: வண்டிகள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் நடந்து போகிறவர்கள் எப்படிக் கடப்பது? பாதசாரிகளைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

பதில்: நியாயமான கோபம். நல்ல வடிவமைப்பில் பாதசாரிக்கு மூன்று உதவிகள் இருக்க வேண்டும். ஒன்று, நுழையும் சாலையையும் வெளியேறும் சாலையையும் பிரிக்கும் முக்கோணத் திட்டு. அதன் நடுவே குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்கு நிற்க இடம் வேண்டும், குழந்தை வண்டியோ சக்கர நாற்காலியோ முழுதாக உள்ளே அடங்கும் அளவுக்கு. அது இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்துப் பாதிச் சாலையைக் கடக்கிறீர்கள். இரண்டு, சீப்ரா கோடு வட்டத்தின் வாயிலேயே இல்லாமல் ஒரு கார் நீளம், அதாவது சுமார் 6 மீட்டர், பின்னால் தள்ளி இருக்க வேண்டும். 'எதற்குச் சுற்றிப் போக வேண்டும்' என்று இதைத்தான் பலர் அலுத்துக்கொள்கிறார்கள், ஆனால் காரணம் இருக்கிறது. வாயில் நிற்கும் ஓட்டுநரின் கண்கள் சுற்றி வரும் வண்டிகள் மேல் இருக்கும், உங்கள் மேல் இருக்காது. கோடு பின்னால் இருந்தால் முதலில் உங்களைப் பார்த்து நிற்கிறார், உங்களை அனுப்பிவிட்டு முன்னேறி, பிறகு வட்டத்தைப் பார்க்கிறார். இரண்டு வேலையையும் ஒரே நொடியில் செய்ய வேண்டியதில்லை. மூன்று, எல்லாவற்றுக்கும் அடிப்படையான அந்தக் குறைந்த வேகம்.

லேன் இரண்டானால் பாதசாரிக்கும் சிக்கல்தான். ஒரு லேனில் கார் உங்களுக்காக நிற்கும், அது மறைப்பதால் அடுத்த லேனில் வருபவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பார்வையற்றவர்களுக்கு இன்னும் கஷ்டம். சிக்னலில் ஒரு பக்கம் ஓசை அடங்கி இன்னொரு பக்கம் கிளம்புவதை வைத்து அவர்கள் நேரம் கணிக்கிறார்கள், ரவுண்டானாவில் ஓசை அடங்குவதே இல்லை, வரும் வண்டி வெளியேறுகிறதா சுற்றுகிறதா என்றும் காதுக்குத் தெரியாது. அதனால் பல லேன் ரவுண்டானாக்களில் பாதசாரிக்குப் பொத்தானை அழுத்தினால் எரியும் சிக்னலோ, மேடான கடப்பிடமோ கட்டாயம் வேண்டும். அதைச் செலவு என்று வெட்டுபவர்கள் பாதி ரவுண்டானாவைத்தான் கட்டுகிறார்கள்.

கேள்வி: சைக்கிள், பைக் ஓட்டுபவர்களுக்கு?

பதில்: இங்கே புகழ்ச்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் செய்த ஆய்வில், ரவுண்டானா வந்த பிறகு சைக்கிள்காரர்கள் காயமடையும் விபத்துகள் கூடியிருந்தன. மோசமானவை, வட்டத்தின் வெளியோரத்தில் வெறும் பெயிண்டால் சைக்கிள் லேன் வரைந்தவை. காரணம் எளிது. ஓரத்தில் சுற்றும் சைக்கிளுக்குக் குறுக்கேதான் ஒவ்வொரு காரும் வெளியேற வேண்டும், அந்த இடம் ஓட்டுநரின் கண்ணுக்குத் தப்பும் இடம். நெதர்லாந்தில் பெரும்பாலும் சைக்கிளுக்கு வட்டத்துக்கு வெளியே தனிப் பாதையே போட்டுவிடுகிறார்கள். அப்படி எதுவும் இல்லாத சின்ன ரவுண்டானாவில், ஓரத்தை ஒட்டிப் பதுங்காமல் லேனின் நடுவே போவதுதான் நல்லது, பின்னால் வருபவர் உங்களைப் பிதுக்கிக்கொண்டு முந்த முடியாது.

பைக்குக்குச் சாலையின் மேற்பரப்புதான் எதிரி. சாய்ந்து திரும்பும் இடத்திலேயே லாரியிலிருந்து சிந்திய டீசலும் ஈரமான பெயிண்ட் கோடும் சாக்கடை மூடியும் காத்திருக்கும். திருப்பத்தில் பிரேக் பிடிக்காதீர்கள், அதற்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். இன்னொன்று, பல ரவுண்டானாக்களில் தளம் உள்ளே சாயாமல் வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். தண்ணீர் வடியவும் வேகம் எடுக்காமல் இருக்கவும் வேண்டுமென்றே செய்வது அது. அதனால்தான் வேகமாகப் போனால் வெளியே தள்ளுவது போல இருக்கிறது. தள்ளட்டும், அதுவும் ஓர் எச்சரிக்கைதான்.

கேள்வி: நடுத்திட்டில் மண்மேடு போட்டுச் செடி வளர்த்து எதிர்ப்பக்கம் தெரியாமல் மறைக்கிறார்கள். தெரிந்தால்தானே பாதுகாப்பு?

பதில்: கேட்கும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் எதிர்ப்பக்கச் சாலை நேராகத் தெரிந்தால், குறிப்பாக இரவில், சாலை நேராகப் போகிறது என்று நினைத்து வேகம் குறைக்காமலே வருவார்கள். நடுவில் மேடு தெரிந்தால் தூரத்திலேயே கால் பிரேக்குக்குப் போகும். நீங்கள் பார்க்க வேண்டியது எதிர்ப்பக்கத்தை இல்லை, உங்களை நோக்கிச் சுற்றி வரும் வண்டியை, அதற்கான பார்வை மட்டும் மறையக் கூடாது. ஆகவே நடுவில் உயரமும் ஓரத்தில் தாழ்வுமாகச் செடி இருக்கலாம். சிலை, நீரூற்று, பெரிய பாறை இவற்றை வேகமான சாலைகளில் வைப்பது நல்ல யோசனை இல்லை, தடம் மாறி வருபவர் அதில்தான் மோதுவார். உட்கார பெஞ்ச் போட்டு மக்களை நடுத்திட்டுக்கு வரவழைப்பது அதைவிட மோசம்.

கேள்வி: நடுத்திட்டைச் சுற்றி வேறு நிறக் கல் பதித்த பட்டை ஒன்று இருக்கிறதே, அது அழகுக்கா?

பதில்: லாரிக்கு. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தைவிட உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதற்காகச் சாலையையே அகலமாக்கினால் கார்கள் அந்த அகலத்தைப் பயன்படுத்தி வேகம் எடுக்கும். எனவே கார்காரர் ஏறத் தயங்கும் அளவுக்கு மட்டும், சில சென்டிமீட்டர் உயர்த்தி, லாரியின் பின்சக்கரம் ஏறி இறங்க ஒரு பட்டை. லாரி அதில் ஏறினால் ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று திட்டாதீர்கள், சரியாகத்தான் ஓட்டுகிறார். லாரி வட்டத்தில் இருக்கும்போது அதன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளாதீர்கள், அது போதும்.

கேள்வி: ஆம்புலன்ஸ் வந்தால்?

பதில்: உள்ளே இருந்தால் நிற்காதீர்கள், அடுத்த வாயில் வெளியேறி ஓரம் கட்டுங்கள். இன்னும் நுழையவில்லை என்றால் அங்கேயே ஒதுங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் எல்லாச் சந்திப்பையும் ரவுண்டானா ஆக்கிவிடலாமா? ரவுண்டானா கூடவே கூடாத இடம் உண்டா?

பதில்: அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கார்மெல் நகரம் ஏறக்குறைய அப்படித்தான் செய்தது, 150-க்கும் மேல் கட்டிவிட்டு சிக்னல்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்துவிட்டது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. நான்கு சாலை சேரும் ஒற்றை லேன் ரவுண்டானா நாளொன்றுக்குச் சுமார் 25,000 வண்டிகள் வரை தாங்கும், இரண்டு லேன் சுமார் 45,000 வரை. அதற்கு மேல் போனால் கணக்குப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

எண்ணிக்கையைவிடப் பகிர்வு முக்கியம். ஒரு சாலையில் மட்டும் வெள்ளம் போல வண்டிகள் வந்தால், அடுத்த வாயில் இருப்பவருக்கு இடைவெளியே கிடைக்காது, அவருக்கு எப்போதும் யாரோ ஒருவர் உள்ளே இருப்பார். அதிகக் காத்திருப்பு பொறுமையைத் தின்னும், பொறுமை போனவர் சின்ன இடைவெளியில் பாய்வார். சில இடங்களில் அந்த ஒரு சாலைக்கு மட்டும் நெரிசல் நேரத்தில் சிக்னல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். பக்கத்துச் சந்திப்பில் சிக்னல் இருந்து அதன் வரிசை வட்டத்துக்குள் வரை நீண்டால் அப்போதும் ரவுண்டானா செத்துவிடும். செங்குத்தான சரிவும் ஆகாது.

இடமே இல்லாத இடத்துக்கு மினி ரவுண்டானா உண்டு. பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் இருந்த ஃபிராங்க் பிளாக்மோர் 1960-களின் இறுதியில் கொண்டுவந்தது. பிரிட்டனில் அதன் நடுத்திட்டு 4 மீட்டருக்கு மிகாத வெள்ளைக் குமிழ், பேருந்து அதன் மேலேயே ஏறிப் போகலாம். ஏற்கெனவே வேகம் குறைவாக உள்ள தெருவில்தான் இது வேலை செய்யும். வேகச் சாலையின் நடுவே ஒரு வெள்ளை வட்டத்தை மட்டும் வரைந்துவிட்டுப் போவது ஏமாற்று வேலை.

கேள்வி: ஐந்து ரவுண்டானாக்களைச் சேர்த்து ஒரே ரவுண்டானாவாகக் கட்டியிருக்கிறார்களாமே, நிஜமா, கட்டுக்கதையா?

பதில்: நிஜம். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் 1972-இல் அதே பிளாக்மோர் கட்டியது, பெயர் மேஜிக் ரவுண்டபவுட். ஐந்து மினி ரவுண்டானாக்கள் ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி அமைந்திருக்கும். வெளியே எல்லோரும் வழக்கமான கடிகாரத் திசையில் போவார்கள், உள்வட்டத்தில் எதிர்த் திசையில். ஓட்டுபவர் மொத்தப் படத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை, ஒவ்வொரு குட்டி வட்டத்தின் வாயிலும் உள்ளே இருப்பவருக்கு வழிவிட்டால் போதும், சந்திப்பு அவரை எதிர்ப்பக்கம் சேர்த்துவிடும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும், ஓட்டுபவருக்கு மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.